பேத்திக்குக் கார் இருக்கை எதற்கு என்று கேட்கும் குடியாத்தத்துப் பாட்டிக்கு

கேள்வி: நாங்கள் குடியாத்தத்தில் இருக்கிறோம். இளைய மகன் ஜெர்மனியில் வேலை செய்கிறான். இரண்டு வயதுப் பேத்தியை முதல்முறையாக ஊருக்கு அழைத்து வருகிறார்கள். சென்னை விமான நிலையத்திலிருந்து வரும் காரில் குழந்தைக்குத் தனி இருக்கை மாட்ட வேண்டும், முடியாவிட்டால் ரயிலில் வந்துவிடுகிறோம் என்கிறாள் மருமகள். மூன்று பிள்ளைகளை மடியில் வைத்தே வளர்த்தேன், ஒரு கீறல் விழவில்லை. மூத்தவனின் பிள்ளைகள் இருவரும் இன்றைக்கும் ஸ்கூட்டரில்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள். என் மடியைவிடவா அந்தப் பிளாஸ்டிக் இருக்கை பாதுகாப்பு? வெளிநாட்டுக்குப் போனால் எல்லாவற்றுக்கும் பயம் வந்துவிடுமா?

பதில்:

அம்மா, உங்கள் கடைசிக் கேள்வியில் கோபம் தெரிகிறது. அது நியாயமான கோபம்தான். பேத்தியின் முகம் பார்க்கக் காத்திருப்பவரிடம் மடி வேண்டாம் என்று சொன்னால் யாருக்கும் சுருக்கென்றுதான் இருக்கும். ஆனால் விஷயத்தில் உங்கள் மருமகள் சொல்வது சரி. ஓடும் காரில் ஒரு குழந்தையை வைக்கக் கூடாத இடங்களில் மடியும் ஒன்று. யாருடைய மடியானாலும் கணக்கு ஒன்றுதான்.

நான் மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவன். நம் பக்கத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றால்தான் தெரியும். வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்த 1980-களின் கடைசியில் வேலைக்குச் சேர்ந்தேன். எங்களை உரிமம் கொடுப்பவர், எஃப்.சி. எனும் வண்டித் தகுதிச் சான்று பார்ப்பவர் என்றுதான் மக்களுக்குத் தெரியும். விபத்து நடந்த வண்டியைப் பார்த்து, இயந்திரக் கோளாறுதான் காரணமா என்று காவல்துறைக்குச் சான்று கொடுப்பதும் எங்கள் வேலை. காவல் நிலையத்துக்குப் பின்னால், வேப்பமரத்தடியில் நொறுங்கி நிற்கும் கார்களுக்குள் தலையை விட்டுப் பார்த்தே என் பணிக்காலத்தில் பெரும்பகுதி போனது.

பிரேக், ஸ்டியரிங், டயர் இவற்றைப் பார்த்துவிட்டு நான் பெல்ட்டையும் பார்ப்பேன். மோதலின்போது பெல்ட் போட்டிருந்தால், தோளுக்கு மேலிருக்கும் வளையத்தில் நாடா உராய்ந்த இடத்தில் மினுமினுப்பாக ஒரு பட்டை விழுந்திருக்கும். போடாத பெல்ட் தன் உறையில் புதிதாகச் சுருண்டு கிடக்கும். பின்சீட்டுக்காரர்கள் பெல்ட் போட்டார்களா என்பதை அறிய இன்னோர் அடையாளம் உண்டு. ஓட்டுநர் இருக்கையின் முதுகு ஸ்டியரிங் பக்கமாக வளைந்திருக்கும். பின்னால் இருந்தவர் முழு எடையோடு வந்து அதில் மோதியிருக்கிறார் என்று பொருள். பின்சீட்டில் உட்கார்ந்தால் ஒன்றும் ஆகாது என்று நம் ஊரில் நம்புகிறவர்களுக்கு அந்த வளைந்த முதுகைக் காட்ட வேண்டும். 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி மும்பைக்கு வடக்கே பால்கர் பக்கத்தில் இறந்தபோது, விலை உயர்ந்த காரின் பின்சீட்டில்தான் இருந்தார், பெல்ட் போடாமல்.

மடிக்கு வருகிறேன். உங்கள் பேத்திக்கு இரண்டு வயது, 12 கிலோ இருப்பாள் என்று வைத்துக்கொள்வோம். கார் 50 கிலோமீட்டர் வேகத்தில் போய் ஒரு லாரியின் பின்புறத்தில் மோதுகிறது. முன்பகுதி அரை மீட்டர் நசுங்கி வண்டி நிற்கிறது. அந்த நேரத்தில் குழந்தையைப் பிடித்து நிறுத்தத் தேவைப்படும் விசை அவள் எடையைப்போல் ஏறக்குறைய இருபது மடங்கு, அதாவது 240 கிலோ. கண் இமைப்பதற்குள் அந்தப் பாரம் கையில் வந்து விழுகிறது. பாசம் எவ்வளவு இருந்தாலும் பிடி நிற்காது. இதில் நீங்களும் பெல்ட் போடாமல் இருந்தால் கதை இன்னும் மோசம். முன்சீட்டுக்கும் உங்கள் உடம்புக்கும் நடுவில் குழந்தை இருக்கும், உங்கள் 60 கிலோ அந்தக் கணத்தில் 1,200 கிலோவாக அவள்மேல் இறங்கும். சிலர் புத்திசாலித்தனமாக ஒரே பெல்ட்டைத் தங்களுக்கும் மடியில் உள்ள பிள்ளைக்கும் சேர்த்துப் போட்டுக்கொள்வார்கள். அதிலும் பாரம் முழுவதும் குழந்தையின் வயிற்றில்தான் இறங்கும். 50 கிலோமீட்டர் வேகம் நமக்கு ஊர்ந்து போவதுபோல் தெரிகிறது. அந்த வேகத்தில் மோதுவதும் மூன்றாவது மாடி மொட்டைமாடியிலிருந்து விழுவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் பிள்ளையை உட்கார வைத்து, பிடித்திருக்கிறேன் பயப்படாதே என்று எந்தப் பாட்டியும் சொல்ல மாட்டார்.

மூன்று பிள்ளைகளை ஒரு கீறல் இல்லாமல் வளர்த்தேன் என்கிறீர்கள். உண்மை, மறுக்கவில்லை. மோதல் நடக்காத பயணத்தில் மடியும் ஒன்றுதான், இருக்கையும் ஒன்றுதான். தவிர, உங்கள் பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தபோது சாலை வேறு. ராணிப்பேட்டை வழியாகச் சென்னைக்குப் போகும் ரோடு இருவழிச் சாலையாக இருந்தது. அம்பாசிடர் காரில் போனால் லாரிக்குப் பின்னாலேயே உருள வேண்டியதுதான். தங்க நாற்கரத் திட்டத்தில் அது நால்வழியான பிறகு 100 கிலோமீட்டர் வேகம் சாதாரணமாகிவிட்டது. வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். சாலை மாறிவிட்டது, நாம் உட்காரும் முறை மாறவில்லை.

இப்போது உங்கள் பெரிய கேள்வி. வெளிநாட்டுக்குப் போனால் பயம் வந்துவிடுமா, இது அவர்கள் பண்பாடா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. காரணம் சொல்கிறேன்.

அமெரிக்காவில் குழந்தைகளைக் காரில் கட்டாயமாக இருக்கையில் வைக்க வேண்டும் என்று முதலில் சட்டம் போட்ட மாநிலம் டென்னசி. ராபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தை மருத்துவர் விடாமல் அலைந்து 1977-இல் அதை நிறைவேற்ற வைத்தார். 1978 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டத்தில் ஒரு விலக்கு சேர்த்தார்கள், என்ன தெரியுமா? பெரியவர் ஒருவர் கையில் குழந்தையை வைத்திருந்தால் இருக்கை வேண்டாம்! நீங்கள் சொல்வதைத்தான் அந்த ஊர்ச் சட்டமன்றக்காரர்களும் சொன்னார்கள். தாய் கையைவிட எது பாதுகாப்பு என்பது அவர்கள் வாதம். அந்த விலக்குக்குக் ‘குழந்தை நசுக்கி’ என்று பட்டப்பெயர் வந்து, 1981-இல்தான் அதை நீக்க முடிந்தது. 1985-க்குள் எல்லா மாநிலங்களிலும் சட்டம் வந்துவிட்டது. இன்று அங்கே பல மருத்துவமனைகளில், பிறந்த குழந்தையை வீட்டுக்கு அனுப்பும் முன் காரில் இருக்கை இருக்கிறதா என்று செவிலியர் கேட்கிறார். அந்தத் தேசத்து அம்மாக்கள் இதைப் பரம்பரையாகச் செய்யவில்லை. ஒரு தலைமுறைக்குள் பழகிக்கொண்டதுதான்.

சுவீடன் இன்னும் சுவாரசியம். மூன்று முனை பெல்ட்டை 1959-இல் உருவாக்கிய நில்ஸ் போலின் அந்த ஊர் வோல்வோ நிறுவனத்தின் பொறியாளர். சில ஆண்டுகளில் பெர்டில் ஆல்ட்மன் என்ற பேராசிரியர், விண்வெளி வீரர்கள் ராக்கெட்டில் மல்லாந்து உட்காரும் முறையைப் பார்த்து, குழந்தையைக் காரின் பின்பக்கம் பார்த்தபடி வைக்கும் இருக்கையைச் செய்தார். கைக்குழந்தையின் தலை உடல் நீளத்தில் கால் பங்கு இருக்கும், கழுத்து எலும்பு முற்றியிருக்காது. முன்னோக்கி உட்கார்ந்து மோதினால் உடம்பைப் பட்டை பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் பறக்கப் பார்க்கும். பின்னோக்கி உட்கார்ந்தால் முதுகும் கழுத்தும் தலையும் ஒருசேர இருக்கையில் அழுந்தும். சுவீடனில் நான்கு வயது வரைகூடப் பிள்ளைகளைப் பின்னோக்கியே வைக்கிறார்கள். பிள்ளையின் கால் மடங்குகிறதே, முகம் தெரியவில்லையே என்ற புகார் அங்கேயும் எழத்தான் செய்கிறது.

ஜெர்மனியில் 12 வயது அல்லது 150 சென்டிமீட்டர் உயரம், இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுவரை குழந்தை இருக்கை கட்டாயம். மீறினால் 60 யூரோ அபராதம், ஓட்டுநர் கணக்கில் ஒரு கறுப்புப் புள்ளி. உங்கள் மகன் அந்த ஊரில் ஒருநாள்கூடப் பிள்ளையை மடியில் வைத்து ஓட்டியிருக்க மாட்டான்.

ஆனால் அதே ஜெர்மனியில் ஆறு வயதுப் பிள்ளை தனியாகவோ தோழர்களோடோ நடந்து பள்ளிக்குப் போகும். பெற்றோர் காரில் கொண்டுவந்து இறக்கினால் பள்ளிக்கூடமே முகம் சுளிக்கும். ஜப்பானிலும் அப்படித்தான், முதல் வகுப்புப் பிள்ளைகள் மஞ்சள் தொப்பியோடு தெருவில் நடந்து போவார்கள். அங்கேயும் 2000 ஏப்ரல் முதல் ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குக் கார் இருக்கை கட்டாயம். நம் ஊரில் இது தலைகீழ். பத்தாம் வகுப்புப் பெண்ணைத் தெருமுனைக் கடைக்குத் தனியாக அனுப்ப மாட்டோம். அதே பெண்ணை, தம்பியோடு சேர்த்து, தலைக்கவசம் இல்லாமல் ஸ்கூட்டரில் ஏற்றி நெடுஞ்சாலையைக் கடப்போம். நமக்கு ஆள் பயம், அவர்களுக்கு வண்டி பயம். பிள்ளைமேல் அக்கறை எந்தத் தேசத்திலும் குறைவில்லை, ஆபத்து எந்தத் திசையிலிருந்து வரும் என்ற கணிப்புதான் ஊருக்கு ஊர் மாறுகிறது. அமெரிக்காவில் இரண்டு பயமும் உண்டு. 1969-இல் அந்த நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளில் பாதிப் பேர் நடந்தோ சைக்கிளிலோ போனார்கள், 2009-இல் அது 13 சதவீதமாகச் சுருங்கிவிட்டது.

இந்தக் கணிப்பு ரத்தத்தில் ஊறியது இல்லை என்பதற்கு நம் பக்கத்திலேயே ஆதாரம் இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருப்பார். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2017 முதல் நான்கு வயது வரை கார் இருக்கை கட்டாயம். அங்கே தவறாமல் பிள்ளையை இருக்கையில் கட்டும் அதே தகப்பன், விடுமுறைக்கு வந்து வாடகைக் கார் எடுத்தால், பிள்ளையை ஸ்டியரிங்குக்கும் தன் வயிற்றுக்கும் நடுவில் உட்கார வைத்து, “ஓட்டு, ஓட்டு” என்று கைத்தட்டுகிறார். ஆள் ஒருவர்தான். இங்கே கேட்பார் இல்லை, எல்லாரும் அப்படித்தான் போகிறார்கள், சீட் பெல்ட் போட்டால் ஓட்டுநர் “என் ஓட்டம்மேல் நம்பிக்கை இல்லையா சார்” என்று வருத்தப்படுகிறார். அந்த ஸ்டியரிங் நடுவில்தான், மோதினால் விரியும் காற்றுப்பை (ஏர்பேக்) மடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்பதை எத்தனை தகப்பன்மார் யோசித்திருப்பார்கள்? அது விரியும் வேகத்துக்கு முன் மடியில் இருக்கும் பிள்ளையின் தலைதான் முதலில் நிற்கும். இப்போது கூரைத் திறப்பு வைத்த கார்கள் வந்த பிறகு, பைபாஸில் பிள்ளைகளை மேலே தலை நீட்டி நிற்க வைத்துப் போகிறார்கள். எனக்கு வரும் ஆத்திரத்தை இங்கே எழுத முடியாது.

சட்டம் நம்மிடமும் இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் செய்த திருத்தத்தில் 194-பி பிரிவு சேர்க்கப்பட்டது. 14 வயது நிறையாத பிள்ளையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் காரில் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம். வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்பில் நிற்கும் காவலர் தலைக்கவசத்துக்கு மடக்குவார், இதற்கு மடக்கி நான் பார்த்ததில்லை. பெல்ட் போடாவிட்டால் காரில் கீங் கீங் என்று ஒலி வரும் அல்லவா, அதை அடக்குவதற்கென்றே ஒரு போலிக் கொக்கி விற்றார்கள். 2023-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய அங்காடிகளுக்கு உத்தரவு போட்டு அதை நீக்க வைத்தது. எச்சரிக்கை மணியை வாயடைக்கக் காசு கொடுத்து வாங்கியவர்கள் எல்லாரும் பிள்ளை பெற்றவர்கள்தான்.

அதற்காக நம் மக்களை மட்டும் திட்டிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. நம்மிடம் உள்ள காரணங்களில் சில உண்மையானவை. அங்கே ஒரு காரில் இரண்டு பெரியவர், ஒன்றிரண்டு பிள்ளைகள். இங்கே குலதெய்வத்துக்கு மொட்டை போட, காது குத்த என்று கிளம்பினால் ஐந்து பேர் காரில் ஒன்பது பேர். அதில் குழந்தைக்குத் தனி இருக்கை வைத்தால் சித்தப்பாவை இறக்கிவிட வேண்டும், சம்பந்தி வீட்டாரிடம் யார் பதில் சொல்வது? சொந்தக் கார் இருப்பவரும் குறைவு. மாதத்துக்கு ஒருமுறை வாடகைக் காரில் போகிற குடும்பம் பல ஆயிரம் ரூபாய் கொடுத்து இருக்கை வாங்கி எங்கே வைக்கும்? பிள்ளை அழுதால் தூக்காமல் இருக்கும் பழக்கமும் நம்மிடம் இல்லை. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுக்கும் பிள்ளையைக் கட்டி வைத்திருப்பது எவ்வளவு கடினம் என்று எனக்கும் தெரியும். விதிப்படிதான் நடக்கும் என்ற பேச்சைத்தான் நான் காரணமாக ஏற்பதில்லை. விதியை முழுதாக நம்புகிறவர் புதுக் காருக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்ற மாட்டார், மிளகாய் கட்ட மாட்டார். ஆபத்து வரும், தடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவரிடமும் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெளிநாட்டு முறையிலும் ஓர் ஓட்டை உண்டு. 1990-களில் காற்றுப்பைக்குப் பயந்து அமெரிக்கர்கள் பிள்ளைகளைப் பின்சீட்டுக்கு மாற்றினார்கள், அதிலும் பின்னோக்கி. தூங்கும் குழந்தை கண்ணில் படாததால், அலுவலகத்துக்குப் போகும் தகப்பன் குழந்தை இருப்பதையே மறந்து காரைப் பூட்டிவிட்டுப் போன சம்பவங்கள் பெருகின. பூட்டிய காரில் வெப்பத்தால் இறக்கும் குழந்தைகள் அங்கே ஆண்டுக்குச் சராசரியாக 37 பேர். நம் ஊரில் மடியும் இடுப்புமாகப் பிள்ளை யார் கையிலாவது இருந்துகொண்டே இருப்பதால் இப்படி மறப்பது அரிது. ஆனால் வேலூர் வெயில் உங்களுக்குத் தெரியும். கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டும்போது, நிறுத்தி வைத்த காருக்குள் அரை மணி நேரத்துக்குள்ளேயே சூடு உயிருக்கு ஆபத்தான அளவுக்கு ஏறும். குழந்தையின் உடம்பு நம் உடம்பைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும். ஏசி போட்டுவிட்டு, “ஐந்தே நிமிடம்” என்று கடைக்குள் போகும் பழக்கம் வேண்டாம்.

சரி, உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். விமான நிலையத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர், வாலாஜா, வேலூர், பள்ளிகொண்டா வழியாகக் குடியாத்தம் 150 கிலோமீட்டருக்குக் குறையாது. ஐரோப்பாவிலிருந்து வரும் விமானங்கள் பல நள்ளிரவில்தான் வந்து இறங்கும். பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வர இரண்டு மணி ஆகிவிடும். அதற்குமேல் கிளம்பினால் மூன்று முதல் ஐந்து மணிக்குள் நெடுஞ்சாலையில் இருப்பீர்கள். ஓட்டுநரின் கண் சொக்குவது அந்த நேரத்தில்தான், ஓரத்தில் விளக்கில்லாமல் லாரிகள் நிற்பதும் அப்போதுதான். நான் பார்த்த மோசமான வண்டிகளில் பல விடிவதற்கு முன் மோதியவை. இருக்கை இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, சென்னையிலேயே தங்கிவிட்டு வெளிச்சம் வந்த பிறகு கிளம்பச் சொல்லுங்கள். ஓட்டுநரைப் பகலில் தூங்கவிட்டு அனுப்பும் உரிமையாளராகப் பார்த்துக் கார் பேசுங்கள். கைப்பேசியில் பேசிக்கொண்டே ஓட்டினால் கூச்சப்படாமல் நிறுத்தச் சொல்லுங்கள். அந்தச் சாலையில் எதிர்த்திசையில் பைக் வரும், பாலம் வேலை நடக்கும் இடத்தில் பாதை திடீரென்று மாறும். முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் இடைவெளி விட்டு ஓட்டுகிறவர்தான் நல்ல ஓட்டுநர். இரண்டு மணி நேரத்தில் கொண்டுவந்து சேர்த்தேன் என்று பெருமை பேசுகிறவர் வேண்டாம். மருமகள் சொன்ன ரயிலும் மோசமான யோசனை இல்லை. குடியாத்தத்தில் நிற்கும் வண்டியாகவோ, காட்பாடியில் இறங்கிக்கொள்ளும்படியோ பார்க்கலாம். ரயிலில் உங்கள் மடியில் பேத்தி உட்காரலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை.

காரில் வருவதென்றால், அவர்கள் ஊரில் வைத்திருக்கும் இருக்கையையே கொண்டுவரச் சொல்லுங்கள். பெரும்பாலான விமான நிறுவனங்கள் அதைக் கட்டணமில்லாமல் ஏற்றிக்கொள்கின்றன, டிக்கெட் எடுத்த இடத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளட்டும். ஒரு விஷயத்தை மட்டும் மகனிடம் விசாரியுங்கள். அந்த இருக்கை ஐசோஃபிக்ஸ் என்ற கொக்கியில் மட்டும் மாட்டுவதா, சாதாரண சீட் பெல்ட்டிலும் கட்டலாமா? கொக்கியில் மட்டும் மாட்டும் வகை என்றால் நம் ஊரின் பழைய வாடகைக் கார்களில் மாட்ட இடமே இருக்காது. புதிய கார்களில் பின்சீட்டின் முதுகும் அடிப்பகுதியும் சேரும் இடுக்கில் 28 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு இரும்பு வளையங்கள் இருக்கும். கையை விட்டுத் தடவினால் தட்டுப்படும்.

கார் பேசும்போதே கேட்க வேண்டிய முக்கியக் கேள்வி வேறு. பின்சீட்டு பெல்ட் வெளியே இருக்கிறதா? நம் வாடகைக் கார்களில் சீட் உறை தைப்பவர் பெல்ட்டின் பூட்டை உறைக்கு அடியில் தள்ளித் தைத்துவிடுவார், மேலே வெள்ளைத் துண்டு விரித்திருக்கும். வண்டியை வரவழைத்து, பூட்டை வெளியே எடுத்து, பெல்ட்டை முழு நீளத்துக்கு இழுத்துப் பார்த்து, கொக்கி போட்டுக் காட்டச் சொல்லுங்கள். இதை முந்தைய நாளே செய்யுங்கள். நள்ளிரவில் விமான நிலைய வாசலில் நின்று செய்ய முடியாது.

இருக்கையைப் பின்சீட்டில்தான் வைக்க வேண்டும். முன்சீட்டில், காற்றுப்பை இருக்கும் இடத்தில், பின்னோக்கிய இருக்கையை வைப்பது கொலைக்குச் சமம். கட்டி முடித்த பிறகு பெல்ட் போகும் இடத்தில் கையை வைத்துப் பலமாக அசைத்துப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் நகர்ந்தால் இன்னும் இறுக்க வேண்டும். குழந்தையின் தோள்பட்டையில் நாடாவைக் கிள்ளிப் பார்த்து, மடிப்பு கையில் வந்தால் அதுவும் தளர்வு. வரவேற்புக்கென்று பட்டுப்பாவாடையும் பின்னந்தலையில் கனமான பூச்சரமும் வைத்து உட்கார வைக்காதீர்கள், தலை முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும். வெயிலில் நின்ற வண்டி என்றால் இரும்புக் கொக்கி குழந்தையின் தொடையைச் சுட்டுவிடும், ஈரத்துணியால் துடைத்துவிட்டு மாட்டுங்கள். பெட்டிகளைக் கடைசி வரிசையில் கூரை வரை அடுக்கி வைத்தால் பிரேக் போடும்போது அவை முன்னால் பறக்கும், கயிறு போட்டுக் கட்டச் சொல்லுங்கள்.

நீங்கள் எங்கே உட்கார்வது? இருக்கைக்குப் பக்கத்திலேயே, பெல்ட் போட்டுக்கொண்டு. குழந்தையின் கை உங்கள் கையில் இருக்கும், முகம் உங்களுக்கு நேராக இருக்கும், பால் பாட்டிலும் பிஸ்கட்டும் உங்கள் பொறுப்பு. பாப்பா இறுக்கத்தில் அழுவாள் என்று நினைக்காதீர்கள். பிறந்த நாளிலிருந்து அதில் உட்கார்ந்து பழகியவள், ஏறியதும் தூங்கிவிடுவாள். அழுதால் வண்டியை ஓரம் கட்டி, இறங்கித் தூக்கி வைத்துச் சமாதானம் செய்துவிட்டு மறுபடி உட்கார வைத்துக் கிளம்புங்கள். ஓடும்போது அவிழ்த்து எடுப்பது மட்டும் கூடாது.

ஒழுங்காகக் கட்டிய இருக்கை, கார் விபத்தில் கைக்குழந்தை இறக்கும் வாய்ப்பை 71 சதவீதமும், ஒன்று முதல் நான்கு வயதுப் பிள்ளைக்கு 54 சதவீதமும் குறைக்கிறது என்பது அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையின் கணக்கு. பேத்தி ஊரில் இருக்கும் நாட்களில் ஸ்ரீபுரத்துக்கோ திருவண்ணாமலைக்கோ போனாலும் அதே இருக்கையை மாட்டுங்கள். அருகில் போகும்போது எதற்கு என்று தோன்றும். பள்ளிகொண்டா சாலையில் எதிரே வரும் மணல் லாரி நீங்கள் எவ்வளவு தூரம் போகிறீர்கள் என்று கேட்காது.

கேள்வியின் நடுவே போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன விஷயம்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. மூத்தவரின் பிள்ளைகள் இருவரும் ஸ்கூட்டரில் பள்ளிக்குப் போகிறார்கள் என்றீர்கள். மூன்று பேர் ஒரே வண்டியில் என்றால் அதுவே சட்டமீறல், 1,000 ரூபாய் அபராதமும் மூன்று மாதம் உரிமம் செல்லாத நிலையும் வரும். 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் தலைக்கவசம் அணியாமல் போனவர்கள் மட்டும் 50,029 பேர், பெல்ட் போடாமல் போனவர்கள் 16,715 பேர். அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்துகள் பதிவான மாநிலம் நம் தமிழ்நாடு. ஜெர்மனியிலிருந்து வரும் பேத்தி ஒரு மாதம்தான் நம் சாலையில் இருக்கப் போகிறாள். அவள் அண்ணன்மார் ஆண்டு முழுவதும் இருக்கிறார்கள்.

நான்கு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு இரு சக்கர வண்டியில் தலைக்கவசம் கட்டாயம். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரை உள்ள பிள்ளைக்கும் தலைக்கவசம் வேண்டும் என்று 2022-இல் மத்திய அரசு விதி வெளியிட்டது. அந்த வயதுக்குச் சைக்கிள் தலைக்கவசமும் போதும். ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் பட்டையும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. பெரியவர் தலைக்கவசத்தைப் பிள்ளைக்கு மாட்டுவதில் பயனில்லை, கழன்று சுழலும். ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 4151 என்ற எண்ணும் உள்ள சிறு அளவுத் தலைக்கவசங்கள் வேலூரிலேயே கிடைக்கும். பிள்ளைகளை அழைத்துப் போய்த் தலையில் மாட்டிப் பார்த்து, தாடைப் பட்டையைப் போட்டபின் முன்னும் பின்னும் ஆட்டி, நெற்றியை விட்டு நகராத அளவாக வாங்குங்கள். ஸ்கூட்டரின் முன்பக்கம் கால் வைக்கும் இடத்தில் நிற்க வைப்பதையும், அங்கே குட்டி நாற்காலி மாட்டுவதையும் நிறுத்தச் சொல்லுங்கள். மோதினால் கைப்பிடிக் கம்பியில் பிள்ளையின் மார்பும் முகமும் மோதும். இளையவர்கள் இங்கே இருக்கும்போதே இரண்டு தலைக்கவசங்களையும் வாங்கிவிடுவது நல்லது. ஜெர்மனிச் சித்தப்பா வாங்கிக் கொடுத்தது என்றால் பிள்ளைகள் பள்ளியில் காட்டிக்கொள்ளவாவது போட்டுக்கொண்டு போவார்கள்.